கொடுத்த பிள்ளையா, விட்டுவைத்த பிள்ளையா?



"பிள்ளையைக் கொடுத்துவிட்டாள்" என்று சொல்வதற்கும், "பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுவைத்தாள்" என்று சொல்வதற்கும் எவ்வளவு தூரம்? வாய்ப்பேச்சில் அதிக தூரமில்லை. ஒன்றைச் சொல்ல வந்து மற்றொன்றைச் சொல்லிவிட்டுப் போவோம். ஆனால் 1950-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தில் இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி நின்றாள். அந்த ஆண்டு முடிவதற்குள் 18 பேர் உயிரிழந்தார்கள். மலாய் மக்கள் நத்ரா என்றும், ஐரோப்பியர் மரியா ஹெர்தோக் என்றும் அழைத்த அந்தச் சிறுமியின் வழக்கைக் கலவரக் கதையாகப் பலரும் கேட்டிருப்பீர்கள். நம் வட்டாரத்தில் பிள்ளைகள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கைமாறிய நீண்ட வரலாற்றில் அந்த வழக்குக்கு என்ன இடம் என்பதே இன்றைய பேச்சு.

மரியா 1937-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் ஜாவாத் தீவில், பாண்டுங் நகருக்கு அருகிலுள்ள சிமாஹியில் பிறந்தாள். தந்தை அட்ரியானுஸ் ஹெர்தோக் டச்சுப் படையில் சார்ஜண்ட். தாய் அடெலின், ஐரோப்பிய ஆசியக் கலப்புக் குடும்பத்துப் பெண். குழந்தைக்குக் கத்தோலிக்கக் கோயிலில் ஞானஸ்நானம் நடந்தது. 1942 மார்ச் மாதத்தில் ஜாவா ஜப்பானியர் வசமாயிற்று. தந்தை போர்க் கைதியானார். ஜப்பானுக்குக் கொண்டு போகப்பட்டார். தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுராபாயாவில் தம் தாயாரோடு தங்கினார். அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில் அவருக்கு இன்னொரு குழந்தையும் பிறந்தது. கணவர் உயிரோடிருக்கிறாரா என்பது தெரியாது, கையில் காசில்லை, மடியில் பச்சிளங்குழந்தை. இந்த நிலையில்தான் பாட்டியின் தோழியான அமினா பிந்தி முகமது என்ற மலாய் மாது வருகிறார். திரெங்கானு மாநிலத்துக் கெமாமானைச் சேர்ந்தவர் அவர். 1943 பிறந்தவுடனே மரியா அமினாவின் வீட்டுக்குப் போனாள். அப்போது அவளுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை.

இதற்குப் பிறகு கதை இரண்டாகப் பிரிகிறது. சில நாள் வைத்திருக்கத்தான் அனுப்பினேன். திரும்ப அழைத்து வருவதற்குள் ஜப்பானியர் என்னைத் தடுப்பு முகாமில் அடைத்துவிட்டார்கள் என்றார் தாய். எனக்கே பிள்ளையாகக் கொடுத்துவிட்டார்கள். என் மகளாகவே வளர்த்தேன் என்றார் அமினா. இருவரில் ஒருவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று நாம் உடனே முடிவு கட்டிவிடக்கூடாது. பசியும் பயமும் நிறைந்த காலத்தில், "நீ வைத்துக்கொள்" என்ற ஒரு சொல்லை, சொன்னவர் ஒருவிதமாகவும் கேட்டவர் வேறுவிதமாகவும் எடுத்துக்கொண்டிருக்கலாம். எந்த அலுவலகத்திலும் பதிவான தத்துப் பத்திரம் ஒன்று இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது. ஜப்பானியர் ஆண்ட ஜாவாவில் அதற்கு யார் எங்கே போவது?

அதே ஆண்டுகளில் நம் மலாயாத் தோட்டங்களில் என்ன நடந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். சயாம் பர்மா ரயில் பாதை போடப் பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களை ஜப்பானியர் தோட்டங்களிலிருந்து கொண்டு போனார்கள். போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. அப்பன் சயாமுக்குப் போய், ஆத்தாள் காய்ச்சலில் போய், பிள்ளை மட்டும் லயத்தில் மிஞ்சிய குடும்பங்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளைச் சிற்றப்பன் எடுத்தான்; அடுத்த காம்பராக்காரி எடுத்தாள்; ஒரே கப்பலில் வந்த உறவு என்று சொல்லி யாரோ எடுத்தார்கள். எவரும் எவரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. அன்றைக்குப் பிள்ளைக்கு ஒரு வேளைக் கஞ்சி கிடைத்ததே பெரிது. போர் முடிந்து 1946-இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சமூக நல இலாகாக்கள் தோன்றியபோது, அவர்கள் முன்னால் நின்ற முதல் வேலைகளில் ஒன்று இப்படித் திக்கற்றுப்போன பிள்ளைகளைக் கவனிப்பதுதான்.

பிள்ளைகள் கைமாறுவது போரினால் வந்த புதுமையல்ல. மலாய் மக்களிடையே 'அனாக் அங்காட்', அதாவது எடுத்து வளர்க்கும் பிள்ளை, வெகு காலமாக உள்ள வழக்கம். 1949, 1950-ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூர் மலாய்க் குடும்பங்களை ஆராய்ந்த மானிடவியல் அறிஞர் ஜூடித் ஜமூர், அங்கே பிள்ளை எடுத்து வளர்ப்பது மிகச் சாதாரணமாக நடந்ததைக் கண்டு எழுதினார். எடுக்கப்பட்டவர்களில் சீனக் குழந்தைகளும் இருந்தார்கள். சீனர்களிடையே பெண் குழந்தையைக் கொடுத்துவிடுவதற்குப் பல காரணங்கள் இருந்தன. வறுமை முதல் காரணம். ஜாதகம் பெற்றோருக்கு ஆகாது என்று சோதிடர் சொல்லிவிடுவது இன்னொன்று. புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாதவள் என்ற நம்பிக்கையும் இருந்தது. 1938 புலி ஆண்டு. 1950-உம் புலி ஆண்டு. சிங்கப்பூர் விக்டோரியா தெருக் கன்னிமாடத்தின் சிறிய வாயிலில் இரவோடிரவாக விடப்பட்ட குழந்தைகள் கணக்கிலடங்கா. அந்த வாயிலுக்கு 'நம்பிக்கை வாயில்' என்றே பெயர் வழங்கிற்று.

இந்தக் கைமாற்றத்துக்கு இருண்ட பக்கமும் ஒன்று உண்டு. 'முய் சாய்' என்ற சீனச் சொல்லுக்குச் சின்னத் தங்கை என்று பொருள். பெயர்தான் தங்கை. ஏழை வீட்டுப் பெண் குழந்தையைப் பணம் கொடுத்து வாங்கி, சம்பளமில்லாமல் வீட்டு வேலை செய்ய வைத்திருந்து, வயது வந்ததும் யாருக்காவது கட்டிக் கொடுப்பது இந்த முறை. நல்ல எஜமானி வாய்த்தவள் பிழைத்தாள், வாய்க்காதவள் அடிபட்டாள். பிரிட்டிஷ் நாடாளுமன்றம்வரை இது பேசப்பட்ட பிறகு, 1932-இல் நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் சட்டம் இயற்றினார்கள். புதிதாக முய் சாய் வாங்கக்கூடாது, இருப்பவர்களைப் பதிவு செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. சட்டம் வந்தவுடன் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யூகிக்கலாம். பல வீடுகளில் முய் சாய் ஒரே நாளில் 'வளர்ப்பு மகள்' ஆகிவிட்டாள்! வேலை அதேதான், அடியும் அதேதான்.

1936-இல் இதை ஆராய ஒரு விசாரணைக் குழு வந்தது. சர் வில்ஃபிரட் வுட்ஸ் அதன் தலைவர். குழுவில் ஒருவர் எடித் பிக்டன் டர்பர்வில் என்ற பெண்மணி. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். மற்ற இருவரோடும் அவர் ஒத்துப்போகவில்லை. தனியாக ஒரு சிறுபான்மை அறிக்கை எழுதினார். பெற்றோரை விட்டுப் பிற வீட்டில் வளரும் பெண் குழந்தை முய் சாயா, தத்து மகளா, சொந்தக்காரப் பிள்ளையா என்று வாதாடிக்கொண்டிருப்பதில் பயனில்லை; அப்படிக் கைமாறிய சிறுமிகள் எல்லாரும் அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். பெயரைப் பார்க்காதே, பிள்ளை இருக்கும் நிலையைப் பார் என்றார் அவர். அன்று அதைச் சிறுபான்மைக் கருத்து என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஆனால் பின்னாளில் இங்கு வந்த பிள்ளைகள் பாதுகாப்புச் சட்டங்கள் பெரும்பாலும் அந்த அம்மையார் காட்டிய வழியில்தான் போயின. மலாயாவில் 1947-இலும் சிங்கப்பூரில் 1949-இலும் சிறார், இளையோர் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1939-இல் தத்தெடுப்புக்கென்றே தனிச் சட்டமும் சிங்கப்பூருக்கு வந்திருந்தது. இங்கிலாந்திலேயே 1926-இல்தான் தத்தெடுப்புக்குச் சட்டம் பிறந்தது என்றால், நாம் ஒன்றும் அதிகம் பின்தங்கியிருக்கவில்லை.

ஆனால் இந்தச் சட்டங்களில் ஒன்றுகூட நத்ராவின் கையைப் பிடிக்கவில்லை. ஜாவாவில் கைமாறிய பிள்ளை அவள். 1947-இல் அமினா அவளைக் கெமாமானுக்கு அழைத்து வந்தார். நத்ரா பிந்தி மஆரோஃப் என்ற பெயரில், மலாய் பேசி, இஸ்லாமிய முறையில் அவள் வளர்ந்தாள். தந்தை ஜப்பானிலிருந்து உயிரோடு திரும்பினார். தாய் முகாமிலிருந்து வெளிவந்தார். தேடியும் பிள்ளை கிடைக்காமல், குடும்பம் ஹாலந்துக்குப் போயிற்று. 1949-இல் திரெங்கானுவின் பிரிட்டிஷ் ஆலோசகர் ஆர்தர் லாக் இந்தச் சிறுமியைக் கண்டார். மலாய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் வெள்ளைக்காரச் சாயலில் ஒரு பெண்! விசாரணை தொடங்கியது. டச்சுத் தூதரகம் வளர்த்த செலவுக்கென்று 500 வெள்ளி கொடுக்க முன்வந்தது. அமினா அதைத் தொடவில்லை. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நம்பி, 1950 ஏப்ரலில் பிள்ளையோடு சிங்கப்பூருக்கு வந்தார். வந்த இடத்தில் நீதிமன்ற உத்தரவு காத்திருந்தது. சிறுமி சமூக நல இலாகாவின் பொறுப்பில் யோர்க் ஹில் இல்லத்துக்கு அனுப்பப்பட்டாள். போருக்கு முன்னால், மீட்கப்பட்ட முய் சாய்ப் பெண்களைப் போ லியூங் குக் அமைப்பு வைத்துக் காத்த இடம் அது.

மே மாதத்தில் தலைமை நீதிபதி பெற்றோர் பக்கம் உத்தரவிட்டார். ஜூலை 28-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கு நடந்த முறையில் குறை இருக்கிறதென்று அதை ரத்து செய்தது. பிள்ளை அமினாவிடம் திரும்பினாள். நான்கே நாளில், ஆகஸ்ட் 1-ஆம் நாள், கிளந்தானைச் சேர்ந்த மன்சூர் அடாபி என்ற 22 வயது ஆசிரியருக்கும் அவளுக்கும் நிக்காஹ் நடந்தது. மணப்பெண்ணுக்கு வயது 13. பிள்ளையைத் தக்க வைத்துக்கொள்ளத்தான் இந்தத் திருமணம் என்று ஐரோப்பியர் சொன்னார்கள். மலாய் முஸ்லிம்களோ, எங்கள் மார்க்கப்படி நடந்த திருமணத்தை வெள்ளைக்காரன் எப்படிச் செல்லாது என்பான் என்று கேட்டார்கள். நம்முடைய அன்றைய வீடுகளிலும் 13 வயதில் கழுத்தில் தாலி ஏறிய பாட்டிமார்கள் உண்டு; ஆகையால் அந்தக் காலத்தை இந்தக் காலத்துத் தராசில் மட்டும் நிறுக்க முடியாது. ஆயினும் ஒரு சிறுமியை யார் வைத்துக்கொள்வது என்ற சண்டையில், அவளையே ஒரு கேடயமாகப் பிடித்தது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை.

நவம்பரில் தாய் அடெலின் சிங்கப்பூருக்கு வந்தார். மறுபடியும் விசாரணை. நீதிபதி பிரௌன் டிசம்பர் 2-ஆம் நாள் தீர்ப்பளித்தார். தீர்ப்பு எதன்மேல் நின்றது என்பதை நாம் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பிள்ளையின் நிரந்தரக் குடியுரிமை நிலை தந்தையைப் பின்பற்றியது. தந்தை ஹாலந்து நாட்டவர். அந்நாட்டுச் சட்டப்படி 16 வயதுக்குட்பட்ட பெண் திருமணம் செய்ய முடியாது. ஆகவே திருமணம் செல்லாது. பிள்ளையைக் கொடுக்கவோ மதம் மாற்றவோ தந்தை சம்மதிக்கவில்லை. அவர் கைதி முகாமில் இருந்தார். ஆகவே தாய் என்ன சொல்லியிருந்தாலும் தந்தையின் உரிமை அழியவில்லை. சிறுமிக்கு என்ன விருப்பம் என்பது நீதிமன்றத்துக்குத் தெரியாமலில்லை. அமினாவை விட்டுப் போக மாட்டேன் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். தான் அறிந்த ஒரே வாழ்வில் இருக்க விரும்புவது அவளுக்கு இயல்புதான், ஆனால் உலகம் தெரிந்த பிறகு அதே எண்ணம் இருக்குமென்று யார் சொல்ல முடியும் என்ற வகையில் நீதிபதி கருதினார்.

இந்தத் தீர்ப்பு சட்டப்படி தவறென்று சொல்வது கடினம். என் மனத்தில் நிற்கும் குறை வேறு. ஏழரை ஆண்டுக் காலம் ஒரு பிள்ளைக்குத் தாயாக இருந்தவரை விட்டு ஒரே நாளில் பிரிப்பதானால், அந்தப் பிரிவை எப்படி நடத்துவது என்று திட்டமிடுவதற்கு அங்கே யாரும் இல்லை. இன்றைய சமூக நல அதிகாரி யாராக இருந்தாலும், பெற்ற தாயோடு பழகக் கொஞ்ச நாள், வளர்த்த தாய் வந்து பார்க்க ஒரு வழி, இரு மொழியும் தெரிந்த ஒருவர் துணை என்றெல்லாம் கேட்டிருப்பார். நத்ராவுக்கு மலாய்தான் தெரியும். பெற்ற தாயின் டச்சு மொழி மறந்துபோயிருந்தது. இதற்கு நடுவில், மேல்முறையீடு முடியும்வரை அவளைத் தாம்சன் சாலையிலிருந்த கத்தோலிக்கக் கன்னிமாடத்தில் வைத்தார்கள். யோர்க் ஹில் இல்லம் இருக்கும்போது கன்னிமாடம் எதற்கு? மதத்தைப் பற்றிய வழக்கில் ஒரு தரப்பின் கோயில் வளாகத்தில் பிள்ளையை வைப்பதைவிடப் பெரிய அசட்டுத்தனம் இருக்க முடியாது. செய்தித்தாள்கள் அவள் கன்னிகாஸ்திரீகளோடு இருக்கும் படங்களை வெளியிட்டன.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததே. நத்ரா நடவடிக்கைக் குழுவின் தலைவராக இருந்தவர் கரீம் கனி. நேதாஜியின் இயக்கத்தில் பங்கெடுத்தவர். 'மலாயா நண்பன்' தமிழ் ஏட்டை நடத்தியவர். ஆகவே இந்த வழக்கைத் தமிழ் முஸ்லிம்களும் உற்றுக் கவனித்தார்கள். டிசம்பர் 11-ஆம் நாள் நீதிமன்ற விசாரணை சில நிமிடங்களில் முடிந்தது. வெளியே திரண்டிருந்த கூட்டம் வெடித்தது. 18 பேர் இறந்தார்கள். 173 பேர் காயமடைந்தார்கள். 119 வாகனங்கள் எரிக்கப்பட்டன அல்லது சேதமுற்றன. மறுநாளே சிறுமி தாயோடு விமானத்தில் ஏற்றப்பட்டாள். கலவரத்தை விசாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கிய சர் லயனல் லீச், 1937 முதல் 1947 வரை சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். 1951-இல் அமினாவின் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. அமினா 1976-இல் காலமானார். நத்ரா, ஹாலந்தில் 2009 ஜூலை 8-ஆம் நாள், 72-ஆம் வயதில் இறந்தார். நம் நாட்டு எழுத்தாளர் ஹாஜா மைதீன் 1989-இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் இந்த வழக்கை விரிவாகச் சொல்கிறது. கிடைத்தால் படித்துப் பாருங்கள்.

இனி மலாயாவுக்கு வருவோம். 1952-இல் மலாயாக் கூட்டரசு ஒன்றல்ல, இரண்டு சட்டங்களை இயற்றியது. நத்ரா வழக்கின் விளைவாகத்தான் இவை வந்தன என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வழக்கில் தட்டுத்தடுமாறிய கேள்விகளுக்கு இவற்றில் விடை இருக்கிறது. முதலாவது தத்தெடுப்புச் சட்டம். இது முஸ்லிமல்லாதவர்களுக்கு உரியது. பிள்ளையைக் குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து வைத்து வளர்த்திருக்க வேண்டும். சமூக நல இலாகாவுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பெற்றவர்களின் சம்மதத்தை நீதிமன்றம் கேட்கும். பிள்ளையின் நலனைப் பார்க்கத் தனியாக ஒருவரை நியமிக்கும். உத்தரவு கிடைத்துவிட்டால் அந்தப் பிள்ளை, எடுத்தவர்களுக்கே பிறந்த பிள்ளை போன்றது. சொத்துரிமையும் உண்டு. இரண்டாவது, தத்துப் பதிவுச் சட்டம். இஸ்லாமிய முறையில் பிள்ளையின் பரம்பரை பெற்ற தந்தையோடுதான் நிற்கும்; அதை மாற்ற முடியாது. ஆகவே 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை இரண்டு ஆண்டு தொடர்ந்து வளர்த்தவர்கள், பிள்ளையின் வம்சத்தை மாற்றாமலே, வளர்ப்பவர் என்று பதிவு செய்துகொள்ள இந்தச் சட்டம் வழி செய்தது. முஸ்லிமல்லாதவர்களும் இந்த வழியில் போகலாம். ஆனால் இரண்டு வழிக்கும் பலன் ஒன்றல்ல என்பதை நம்மவர் பலர் அறிவதில்லை. பதிவு மட்டும் செய்துவிட்டு, பிள்ளைக்குச் சொத்து தானாகப் போய்ச் சேரும் என்று நம்பியிருக்கிறார்கள்.

சிங்கப்பூர் 1956-இல் வளர்ப்புக் குடும்பத் திட்டத்தைத் தொடங்கியது. பெற்றோர் நோயிலோ சிறையிலோ இருக்கும்போது, அல்லது வீட்டில் பிள்ளைக்கு ஆபத்து இருக்கும்போது, இலாகாவே ஒரு நல்ல குடும்பத்தைத் தேர்ந்து பிள்ளையை ஒப்படைக்கும். செலவுக்குப் பணம் கொடுக்கும். அதிகாரி வந்து பார்ப்பார். பிள்ளை திரும்பிப் போக வேண்டியது என்பது முதல் நாளே எல்லாருக்கும் தெரியும். அடெலினும் அமினாவும் சுராபாயாவில் தீர்மானிக்காமல் விட்டதை, இங்கே பிள்ளை வாசற்படி தாண்டுவதற்கு முன்பே தீர்மானித்துவிடுகிறார்கள்.

தாயின் சம்மதத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அடெலினின் வார்த்தையைவிட, அருகில் இல்லாத கணவரின் உரிமையே அன்றைக்குப் பெரிதாக நின்றதல்லவா? மலேசியாவில் பிள்ளையின் பாதுகாவலர் என்ற முறையில் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை என்று சட்டம் திருத்தப்பட்டது 1999-இல்தான்.

இனி நம் வீடுகளுக்குள் வருவோம். நம்மவரிடையே சுவீகாரம் என்றால், பழைய சாஸ்திர முறைப்படி மகனைத்தான் எடுப்பார்கள். கொள்ளி வைக்கவும் வம்சம் விளங்கவும் மகன் வேண்டும் என்பது கருத்து. பெண்ணைத் தத்தெடுக்க அதில் இடமில்லை. இந்தியாவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இந்துக்களுக்கு அந்த இடத்தைத் திறந்துவிட்டது. ஆனால் சாஸ்திரமும் சட்டமும் என்ன சொல்கின்றன என்று கேட்டுக்கொண்டிராமல், மலாயாத் தமிழர்கள் சீனப் பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தார்கள். பிள்ளையில்லாத தம்பதியர் எடுத்தார்கள். பிறந்த பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் எடுத்தார்கள். ஒரு பிள்ளையை எடுத்தால் வயிற்றில் ஒன்று தங்கும் என்ற நம்பிக்கையில் எடுத்தவர்களும் உண்டு. குழந்தைக்கு மீனாட்சி என்றும் லெட்சுமி என்றும் பெயர் வைத்து, காது குத்தி, தைப்பூசத்துக்குத் தூக்கிப் போனார்கள். அப்படி வளர்ந்த பெண்கள் தமிழ் மாப்பிள்ளைகளைக் கட்டி, இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள். முகத்தைப் பார்த்துவிட்டு மாண்டரினில் பேசும் கடைக்காரரிடம் தமிழில் பதில் சொல்லி அவரைத் திகைக்க வைக்கும் பாட்டியம்மாக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பெற்றோரை இழந்த நம் பிள்ளைகளுக்கு இல்லங்களும் எழுந்தன. நத்ரா வழக்கு நடந்த அதே 1950-இல் சுவாமி சத்தியானந்தா சுத்த சமாஜத்தை நிறுவினார். 1961-இல் அவர் மறைந்த பிறகு அன்னை மங்களம் அந்தப் பொறுப்பை ஏற்றார். 2023-இல் தாம் காலமாகும்வரை அதைக் காத்தார். எத்தனையோ பேரை ஆளாக்கிய இடம் அது.

எடுத்து வளர்த்தவர்களின் அன்பில் குறை சொல்ல ஏதுமில்லை. குறை காகிதத்தில்தான் இருந்தது. சிலர் மருத்துவச்சியின் துணையோடு தம் வயிற்றில் பிறந்த பிள்ளையென்றே பதிந்துவிட்டார்கள். இது பொய் வாக்குமூலம், சட்டப்படி குற்றம். சிலர் ஒன்றுமே செய்யவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது, 12 வயதில் அடையாளக் கார்டு எடுக்கும்போது, பிறப்புப் பத்திரம் எங்கே என்று கேட்டால் கையைப் பிசைந்தார்கள். தோட்டத்துக்குள் இருந்தவரை இது பெரிதாகத் தெரியவில்லை. கிராணிக்கும் கங்காணிக்கும் ஆளைத் தெரியும், போதும். 1957-இல் நாடு விடுதலை பெற்றுக் குடியுரிமை என்ற ஒன்று வந்த பிறகுதான் காகிதத்தின் கனம் தெரிந்தது. 1969-இல் குடியுரிமையில்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, சிவப்புக் கார்டுக்காரர்கள் பட்ட பாட்டைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சிவப்புக் கார்டாவது ஒரு கார்டு. பிறப்புப் பத்திரமே இல்லாத வளர்ப்புப் பிள்ளைக்கு அதுவும் இல்லை.

இது பழங்கதையாகப் போய்விடவில்லை. நீதிமன்றத்தின் மூலம் முறையாகத் தத்தெடுத்து, புதிய பிறப்புப் பத்திரமும் வாங்கியவர்கள்கூட, அதில் குடியுரிமை இல்லையென்று இருப்பதைக் கண்டு திகைத்திருக்கிறார்கள். எடுத்தவர்கள் இருவரும் மலேசியர்களாக இருந்தாலும், பெற்றவர்கள் யாரென்று தெரியாவிட்டால் இந்தச் சிக்கல் வருகிறது. தத்து உத்தரவு பிள்ளையை உங்கள் பிள்ளையாக்கும், தானாகக் குடிமகனாக்காது. அரசியலமைப்பின் 15அ பிரிவின்படி, பிள்ளைக்குக் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அரசாங்கத்தின் விருப்பம். அநாதையாக விடப்பட்ட பச்சைக் குழந்தையைப் பொறுத்தவரை, அது கண்டெடுக்கப்பட்ட இடத்திலேயே, அங்கு நிரந்தரமாக வசிக்கும் தாய்க்குப் பிறந்ததாகக் கொள்ள வேண்டும் என்று அரசியலமைப்பின் இணைப்பில் ஒரு விதி உண்டு. 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் இந்த விதியைக் கொண்டே, பெற்றவர்களால் கைவிடப்பட்டுத் தத்தெடுக்கப்பட்ட ஒரு பிள்ளையை மலேசியக் குடிமகன் என்று தீர்ப்பளித்தது. தாய் யாரென்று தெரியாததை அரசாங்கம் அந்தப் பிள்ளைக்கு எதிராகத் திருப்ப முடியாது என்பது அதன் பொருள்.

மலேசியாவின் சிறார் சட்டம் 2001-இல் இயற்றப்பட்டு, 2002 ஆகஸ்ட் முதல் நடப்புக்கு வந்தது. 1991-ஆம் ஆண்டுச் சிறார் பாதுகாப்புச் சட்டம் உட்பட முந்தைய சட்டங்களை அது ஒன்றாகச் சேர்த்தது. அதில் அதிகம் பேசப்படாத ஒரு விதி இருக்கிறது. ஒருவர் இன்னொருவரிடமிருந்து ஒரு பிள்ளையைத் தம் பராமரிப்பில் எடுத்துக்கொண்டால், ஒரு வாரத்துக்குள் சமூக நல இலாகாவின் பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். எடுத்தவர் மட்டுமல்ல, கொடுத்தவரும் தெரிவிக்க வேண்டும். அதிகாரி விசாரிப்பார், பிள்ளைக்கு நல்லதில்லை என்று கண்டால் திரும்ப ஒப்படைக்கவோ வேறு இடத்தில் வைக்கவோ உத்தரவிடுவார். 1936-இல் பிக்டன் டர்பர்வில் அம்மையார் கேட்டது ஏறக்குறைய இதைத்தான்.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ அப்படிப் பிள்ளை வந்திருந்தால், வட்டாரச் சமூக நல அலுவலகத்துக்குப் போகும்போது பிறந்த மருத்துவமனையின் சீட்டு, தடுப்பூசி அட்டை, பெற்ற தாயின் அடையாளக் கார்டு நகல் என்று கிடைப்பதையெல்லாம் எடுத்துப் போங்கள். தாய் ஊரை விட்டுப் போவதற்கு முன்பே அவற்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போன பிறகு தேடுவது மிகக் கடினம்.